யூசுஃப் நபி ஏன் உடனே சிறையிலிருந்து வெளியே வரவில்லை? (ஜும்ஆ உரை)

 



இன்று நான் பேசப்போவது என்னுடைய ஒரு தவறைப் பற்றியும்தான்.

சில மாதங்களுக்கு முன் மஃரிபுக்குப் பிறகு ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர். அடையாளம் எதையும் சொல்லமாட்டேன், அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இவ்வளவும் சொல்கிறேன். மகள் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். துறைத்தலைவர் இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். பாடத்தில் ஆரம்பித்து வேறு எங்கோ போகிறது. தனியாக அறைக்கு வரச் சொல்கிறார். வரவில்லை என்றால், அடுத்த வருடப் பணி நீட்டிப்புக்குத் தன்னுடைய கையெழுத்துத்தான் வேண்டும் என்று ஞாபகப்படுத்துகிறார். ஒருநாள் கதவை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"என்ன செய்யலாம் ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ஸப்ர் செய்யச் சொல்லுங்க பாய். வெளிய தெரிஞ்சா புள்ளை பேருதான் கெடும். முடியலைன்னா வேலையை விட்டுடச் சொல்லுங்க." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நானும் நல்ல ஆலோசனை சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின் சூரா யூசுஃபுக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஸப்ருக்கு நாம் யாரை உதாரணம் காட்டுகிறோமோ அந்த நபி என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

யூசுஃப் (அலை) அந்த வீட்டில் வேலைக்காரர். அதிகாரம் எஜமானியிடம். அவள்தான் கதவுகளைப் பூட்டினாள், அழைத்தாள். அவர் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி வாசலை நோக்கி ஓடினார், பின்னாலிருந்து சட்டை கிழிந்தது. வாசலில் கணவன் நிற்கிறான். முதலில் பழி சொன்னது யார்? தவறு செய்தவள்தான். அப்போது அவளுடைய குடும்பத்திலிருந்தே ஒருவர், சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா பின்னால் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றார். அதாவது, ஆளைப் பார்க்காதே, ஆதாரத்தைப் பார்! பார்த்தார்கள். உண்மை தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு அந்தப் பெரிய மனிதர் என்ன செய்தார்? யூசுஃபே, இதை இத்தோடு விட்டுவிடு என்றார். மனைவியிடம் மன்னிப்புத் தேடிக்கொள் என்றார். ஊரில் பேச்சு பரவியது. அத்தனை அத்தாட்சிகளைப் பார்த்த பிறகும், கடைசியில் சிறைக்குப் போனது யூசுஃப்தான். நிறுவனத்தின் பேர், குடும்பத்தின் பேர் என்று மூடி மறைப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை சகோதரர்களே!

சில ஆண்டுகள் கழித்து மன்னர் விடுதலை செய்து அழைத்துவரச் சொல்கிறார். யூசுஃப் (அலை) உடனே வரவில்லை. திரும்பிப் போய், கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்னவென்று உன் எஜமானரிடம் கேள் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணை நடந்தது. அந்தப் பெண்களும் உண்மையைச் சொன்னார்கள், அஜீஸின் மனைவியும் ஒப்புக்கொண்டாள். அதன் பிறகே வெளியே வந்தார்கள். அவ்வளவு காலம் தாம் சிறையில் இருந்திருந்தால் அழைத்தவருடன் போயிருப்போம் என்று நம் நபி (ஸல்) அவர்களே பணிவோடு சொன்னதாக புகாரியில் இருக்கிறது. ஸப்ர் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அன்று இரவே அந்த பாய்க்கு ஃபோன் செய்து, "நான் சொன்னது தப்பு, மன்னிச்சுடுங்க" என்றேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசச் சொன்னேன். அவர் விளக்கியதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் வீட்டிலும் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நிரந்தர ஊழியர்தான் புகார் செய்யலாம் என்றில்லை. கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மா, பயிற்சிக்கு வந்த பிள்ளை எல்லாரும் செய்யலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்திற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். குழு அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். கிழிந்த சட்டை அதுதான்!

இங்கே கல்லூரி, பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், டிரஸ்டிகள் சிலர் முன் ஸஃப்பில் இருக்கிறீர்கள். உங்கள் குழு நோட்டீஸ் போர்டில் ஒரு தாளாக மட்டும் இருக்கிறதா, கூடுகிறதா? நம்முடைய நிஸ்வான் மதரஸாக்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சிலர் மார்க்கத்தை இழுக்கிறார்கள். நான்கு சாட்சி எங்கே என்கிறார்கள். அது விபச்சாரக் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய சாட்சி. தனக்கு அநீதி நடந்தது என்று முறையிடும் பெண்ணை வாயடைக்க அல்லாஹ் அதை இறக்கவில்லை. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை வெறுக்கும் அல்லாஹ், அநீதி இழைக்கப்பட்டவருக்கு சூரா நிஸாவில் விலக்கு அளிக்கிறான். பொய்ப் புகார் பெரும் பாவம், சந்தேகமே இல்லை. அதனால்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது.

சின்ன விஷயம்தானே என்று விட்டால் எங்கே போய் நிற்கும்? 2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி. இரவுப் பணியில் இருந்த பெண் பயிற்சி மருத்துவர் கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். அங்கேயே வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். செய்தவனுக்கு 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பணியிடத்தில் தனி ஓய்வறை, வெளிச்சம், கேமரா, இரவில் வாகனம் பற்றியெல்லாம் அந்த உயிர் போன பிறகு பேச வேண்டியதாயிற்று.

வாலிபர்களே, உங்களுக்கு மூஸா (அலை) அவர்கள் போதும். மத்யன் கிணற்றடியில் இரண்டு பெண்கள் ஆடுகளை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மேய்ப்பர்கள் போகும்வரை அவர்களால் தண்ணீர் புகட்ட முடியவில்லை, தந்தையோ வயதானவர். உங்கள் விஷயம் என்னவென்று மூஸா கேட்டார்கள், தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள், நிழலுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் ஏன் வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. உதவிக்குக் கூலியாக நாலு வார்த்தை பேசிக்கொண்டும் நிற்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால், யாருக்குப் பயந்து நிற்கிறார் என்று பாருங்கள்.

அந்த மகள் உரிய காலத்துக்குள் புகார் கொடுத்துவிட்டார். விசாரணை இன்னும் முடியவில்லை. சில சக ஆசிரியைகள் பேசுவதை நிறுத்திவிட்டார்களாம், தூக்கம் இல்லையாம். இருந்தாலும் வேலையை விடவில்லை.

யா அல்லாஹ்! அந்தப் பெண்ணுக்கு மன உறுதியைக் கொடு. விசாரிப்பவர்களின் நாவில் நீதியைக் கொடு. அவரை வாயை மூடச் சொன்ன என்னை மன்னித்துவிடு. ஆமீன்.