பௌத்தன் எக்கட்சிக்கு வாக்களிப்பது?

தேர்தல் அணுகுந்தோறும் அடுகோடியில் உள்ள நம் உபாசக அன்பர்களிடையே ஒரு வினா எழுகின்றது. திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற ஒருவன் தன் வாக்கை எக்கட்சிக்கு அளிப்பது முறை? இதற்கு மூவகை விடை கூறப்படுகின்றது. எக்கட்சியும் தம்மத்தின் வழி நிற்கவில்லையாதலின் எவருக்கும் அளியாதிருப்பதே நன்று என்பர் சிலர். வென்றாலும் தோற்றாலும் போதிசத்துவர் அம்பேத்கரின் பெயரால் நிற்கும் கட்சிக்கே அளித்தல் வேண்டும் என்பர் வேறு சிலர். வெல்லும் வலிமையுள்ள கட்சிகளுள் தீமை குறைந்ததற்கு அளித்துப் பெருந்தீமையைத் தடுப்பதே விவேகம் என்பர் மற்றையோர். சங்கம் எக்கட்சியையும் சார்ந்ததன்று. ஆதலின் ஈண்டு யான் எழுதுவது ஒரு வாக்காளனின் சொந்த அபிப்பிராயமேயன்றி வேறன்று.

முதற்கண் நம் வாக்கு எண்ணப்படும் முறையை அறிதல் வேண்டும். அடுகோடி, பி.டி.எம். லேஅவுட் சட்டசபைத் தொகுதியிலும் பெங்களூர் தெற்குப் பார்லிமெண்டுத் தொகுதியிலும் அடங்கியது. இத்தொகுதிகளில் மற்ற எவரினும் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவரே உறுப்பினர். ஏனையோர் பெற்றவை கணக்கில் நில்லா. இம்முறை பிரிட்டனிலிருந்து நமக்கு வந்தது. அந்நாட்டில் 2024 ஜூலையில் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி நூற்றுக்கு 34 வாக்கிற்கும் குறைவாகப் பெற்று, 650 இடங்களில் 411 இடங்களை அடைந்தது. நம் நாட்டில் 2014-இல் பாரதிய ஜனதா கட்சி நூற்றுக்கு 31 வாக்குப் பெற்று 282 இடங்களை வென்றது. அதே தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேல் பெற்று, வாக்கெண்ணிக்கையில் நாட்டின் மூன்றாம் கட்சியாய் நின்றும் ஓரிடமும் பெறவில்லை. எளியோர் பரவலாக வாழும் தொகுதிகளில் அவர்தம் சிறு கட்சி வெல்லுதல் அரிது என்பது இதனால் விளங்கும். நம் ஐயத்தின் வேர் இதுவே.

இனி, எவருக்கும் அளியாதிருத்தல் நன்றென்னும் கூற்றை ஆராய்வோம். 2024-இல் பெங்களூர் தெற்கில் வாக்களித்தோர் நூற்றுக்கு 53 பேர் அளவினரே. ஏறத்தாழப் பாதிப்பேர் வாராதொழிந்தும் உறுப்பினர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டே தீர்ந்தார். 2013-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி, 'எவருக்கும் இல்லை' என்னும் பொத்தானும் வாக்கு இயந்திரத்தில் இடம் பெற்றது. ஆயின் அதனை எத்துணைப்பேர் அழுத்தினும் வேட்பாளருள் மிகுதி பெற்றவரே உறுப்பினராவார். உறுப்பினரே இல்லாதிருப்பின் நிலை யாதென்பதையும் நம் நகரத்தார் கண்டுள்ளோம். பெங்களூர் மாநகராட்சிக்கு 2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2020 செப்டம்பரில் முடிவுற்றது. அதன்பின் ஐந்தாண்டுக் காலம் வார்டு உறுப்பினர் எவருமின்றி அதிகாரிகளே நகரை நடத்தினர். சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாதொழிந்தாலும், நம் வாக்கை நாடி மீண்டும் வரவேண்டியவர் என்று உரிமையோடு சென்று கேட்பதற்கு வார்டில் ஒருவர் இலர். விலகி நிற்பவன் தூயவனாய் இருப்பதாகத் தனக்குத் தோன்றலாம். அவனது விலகலால் வரும் துன்பமோ அண்டை வீட்டானையும் சாரும்.

வாக்களித்தல் வேண்டுமெனின் எவ்வாறு தேர்வது? இதற்குப் பகவன் புத்தரின் சங்கமே நமக்கு வழிகாட்டுகின்றது. பிக்குகளிடையே வழக்கொன்று எழுந்து ஒருமனப்படாவிடின் 'சலாகை' என்னும் குச்சிகளை வழங்கிப் பெரும்பான்மையைக் காணும் விதி விநயத்தில் உள்ளது. 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர் அவர்கள், பௌத்த சங்கங்கள் பார்லிமெண்டு முறைகளை அறிந்திருந்தன என்று எடுத்துரைத்தது இதுபோன்ற விதிகளைக் கருதியே. அக்குச்சிகளை வழங்குபவர்க்கு விநயம் கூறும் தகுதி யாதெனில், அவர் நால்வகை 'அகதி'யில் செல்லாதவராயிருத்தல் வேண்டும் என்பது. பாலி மொழியில் அகதியென்பது புகலிடமற்றவரைக் குறிப்பதன்று. செல்லத்தகாத வழி என்பதே பொருள். சிகாலனுக்குப் பகவன் உபதேசித்த இல்லறத்தார் ஒழுக்கத்திலும் இந்நான்கும் கூறப்பட்டுள்ளன. அவை ஆசை, பகை, மயக்கம், அச்சம் என்பன. குச்சி வழங்குவோனுக்கே இத்தூய்மை வேண்டுமெனின், வாக்கை அளிப்பவனுக்கு அது வேண்டாமோ?

ஆசை என்பது வாக்குக்கு முதல்நாள் இரவு வரும் பணமும் சேலையும் குக்கரும் மட்டுமன்று. 'நம்மவர்' என்னும் பட்சபாதமும் அதுவே. பணத்தை வாங்கிக்கொண்டு மனம்போல் வாக்களித்தால் என்ன குற்றம் என்று வினவுவோர் உண்டு. சொன்னபடி அளித்தால் பிறர் நலத்தை விற்றதாகும். சொன்னதை மீறினால் பொய்யாமைச் சீலம் கெடும். ஆதலின் வாங்காமையே சீலத்திற்கு ஏற்ற வழி. சட்டமும் கொடுப்பவர் பெறுபவர் இருவரையும் குற்றவாளிகளாகவே கருதுகின்றது.

பகை என்பது, ஒரு கூட்டத்தார் துன்புறுதல் வேண்டுமென்னும் எண்ணத்தால் அவர்தம் எதிரிக்கு வாக்களிப்பது. நம்மை இழிவு செய்தோர்பால் நமக்குச் சினம் எழுதல் இயல்பே. ஆயினும் இன்று பிறர்மேல் ஏவப்படும் வெறுப்பு நாளை நம் தெருவுக்கும் வாராதென்பதற்கு எவர் பிணை? மயக்கம் என்பது வதந்தியையும் முழக்கத்தையும் ஆராயாது கொள்வது; தலைவரின் திருவுருவத்தைக் கண்டு அக்கட்சியின் செயலைக் காணாதொழிவதும் அதில் அடங்கும். அரசியலில் பக்தி இழிநிலைக்கும் முடிவில் சர்வாதிகாரத்திற்குமே இட்டுச் செல்லும் என்று அதே 1949-ஆம் ஆண்டுப் பேச்சில் அம்பேத்கர் அவர்கள் எச்சரித்தார்கள். அவர் படத்தை அச்சிட்ட சுவரொட்டி எக்கட்சியினுடையதாயினும் இவ்வெச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

அச்சம் இருவகைத்து. குடிசையை இடிப்பர், பட்டா தாரார் என்னும் அச்சம் ஒன்று. தனி ஒருவரின் வாக்கு மறைவானதே. ஆயினும் எண்ணிக்கை சாவடிவாரியாக வெளியாவதால் ஒரு தெருவின் போக்கைக் கட்சிக்காரர் ஊகித்தல் கூடும். ஆதலின் இவ்வச்சத்தை நகையாடுதல் தகாது. தெருவார் ஒன்றுபட்டு நிற்பதே அதற்கு மருந்து. மற்றொன்று, தோற்பவருக்கு அளித்த வாக்கு வீணாகும் என்னும் அச்சம். 1952-இல் பம்பாய் வடக்குத் தொகுதியில் அம்பேத்கர் அவர்களே ஏறத்தாழ 14,500 வாக்குகளால் தோல்வியுற்றார்கள். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் வெற்றி கிட்டவில்லை. அன்று அவருக்கு விழுந்த இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் வீணென்று நம்முள் எவரேனும் கூறுவரோ? 1952-இல் பார்லிமெண்டில் இரண்டு இடம் பெற்ற ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் 1957-இல் ஆறு இடம் பெற்றது. ஆகவே தோல்விக்கு இட்ட வாக்கும் அடுத்த தேர்தலுக்கு வித்தாதல் உண்டு.

அங்ஙனமாயின் என்றும் நம் சிறு கட்சிக்கே அளித்தல் கடமையோ எனின், அதுவும் அன்று. அம்பேத்கர் அவர்களின் நடையை நோக்குக. காங்கிரசை நெடுங்காலம் எதிர்த்தவர் 1947-இல் நேருவின் மந்திரி சபையில் சட்ட மந்திரியானார். இந்து சட்ட மசோதா கைவிடப்பட்டபோது 1951-இல் வெளியேறினார். அவ்வாண்டின் தேர்தல் அறிக்கையில் தம் சம்மேளனத்தின் கொள்கைகளை முதலில் வகுத்து, அவற்றைக் கொண்டே பிற கட்சிகளை அளந்தார். இந்து மகாசபை போன்றவற்றோடும் கம்யூனிஸ்டுக் கட்சியோடும் உறவில்லை என்று கூறி, சோஷலிஸ்டுக் கட்சியோடு உடன்பாடு கொண்டார். கட்சி அவருக்குத் தெப்பமாயிருந்தது. ஆற்றைக் கடக்க உதவிய தெப்பத்தைக் கரையேறியபின் தலையில் சுமப்பவன் அறிவிலி என்னும் பகவனின் உவமையை நாம் அறிவோம். நாம் சரணம் புகுந்தது புத்தம், தம்மம், சங்கம் என்னும் மூன்றில் மட்டுமே; நான்காவதாக ஒரு கட்சியில் அன்று. வாக்களித்தல் ஒரு செயல். செயலின் நன்மை தீமை, செய்வோனின் எண்ணத்தையும் அதனால் பிறருக்கு நேர்வதையும் கொண்டு அறியப்படும். ஆதலின் குறையுள்ள கட்சிக்கு வாக்களித்தவன் தம்மத்தினின்றும் வழுவினான் என்று கூறுதல் பொருந்தாது.

இதற்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. 'ஒவ்வொரு தேர்தலிலும் தீமை குறைந்ததையே தேர்ந்தால், நமக்கு வேறு போக்கில்லை என்பதை அக்கட்சி அறிந்துகொள்ளும். அறிந்தபின் நமக்கு யாதும் செய்யாது' என்பதே அது. இம்மறுப்பில் உண்மை உண்டு. நம் அண்டையிலுள்ள ஈஜிபுராவில், நலிந்த பிரிவினருக்கென அமைந்த குடியிருப்பிலிருந்து 2013 ஜனவரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களுட் பலர் ஒடுக்கப்பட்டோர், தமிழர் பலர். அப்பொழுது மாநிலத்தை ஆண்டது பாரதிய ஜனதா கட்சி. நான்கு திங்களில், மே மாதத் தேர்தலில், காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. ஆட்சி மாறிய காரணத்தால் மட்டும் அக்குடும்பங்கள் தம் பழைய இடத்திற்கு மீள இயலவில்லை. கட்சியை மாற்றுவதோடு நம் கடன் தீர்ந்தது என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி கசப்பான பாடம்.

ஆயினும் இம்மறுப்பு, எக்கட்சியைத் தேர்ந்தாலும் ஒன்றே என்னும் முடிவுக்கு நம்மைக் கொண்டுசெல்லாது. பிரிட்டனில் வாழும் நம்மவரின் வரலாறு இதனைத் தெளிவிக்கும். ஜாதி வேற்றுமை பாராட்டலைச் சட்டத்தால் தடுத்தல் வேண்டும் என்று அங்குள்ள பௌத்தரும் ரவிதாசி மக்களும் பிறரும் நெடுநாள் முறையிட்டனர். தொழிற்கட்சி அரசாங்கம் இயற்றிய 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ஜாதியைச் சேர்க்க மந்திரிக்கு அதிகாரம் மட்டும் அளித்தது. 2013 ஏப்ரலில், கன்சர்வேடிவ் கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் கூடி ஆண்ட காலத்தில், பிரபுக்கள் சபையின் வற்புறுத்தலால் அது கடமையாக்கப்பட்டது. 2018 ஜூலையில் கன்சர்வேடிவ் அரசாங்கம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கூறி, அக்கடமையை நீக்கப் போவதாக அறிவித்தது. அந்நாட்டு ஜனத்தொகையில் சிறு துளியே ஆன நம்மவர், ஒரு கட்சியை மட்டும் நம்பியிராமல் எல்லாக் கட்சியாரிடமும் சென்று வழக்குரைத்ததால் 2013-இல் பயன் கண்டனர். சட்டத்தை எதிர்த்தோரும் அவ்வாறே சென்று உழைத்தமையால் அது பின்னடைந்தது. வாக்களிக்கும் நாளினும், இரு தேர்தல்களுக்கு இடைப்பட்ட நாட்களே மிகுதியும் பேசின என்பது இதனால் பெறப்படும்.

இனி என் முடிபைக் கூறுவேன். போட்டி நெருக்கமாயிருந்து, வெல்லக்கூடிய இருவருள் ஒருவரால் எளியோருக்கும் சிறுபான்மையோருக்கும் தெளிவாகத் தெரியும் கேடு உண்டாயின், அவரைத் தடுக்கவல்ல மற்றவருக்கு வாக்களிப்பதே கருணைக்கு ஏற்றது. என் கை கறைபடாதிருத்தல் பெரிதோ, அயலான் வீடு இடிபடாதிருத்தல் பெரிதோ என்று கேட்டால் விடை தானே விளங்கும். அவ்வாறன்றி முடிவு முன்னரே உறுதியான தொகுதியாயின், அல்லது வெல்லக்கூடிய இருவரும் நமக்கு ஒன்றேயாயின், நம் கொள்கையைப் பேசும் சிறு கட்சிக்கு வாக்களித்து அதனை வளர்ப்பது முறை. ஆனால் அக்கட்சி தேர்தல் காலத்தில் மட்டும் தோன்றி மறைவதாயிருத்தல் கூடாது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் தெருவில் உழைத்ததாயிருத்தல் வேண்டும். இருவகையிலும், தேர்தல் முடிந்த மறுநாளே வென்றவரிடம், நாம் வாக்களித்தவராயினும் அல்லாதவராயினும், எழுத்து மூலமான கோரிக்கையோடு கூட்டமாகச் செல்லுதல் வேண்டும். இதனைச் செய்யாதவன் தீமை குறைந்ததைத் தேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்வது பாதி உண்மையே.

ஒரே இல்லத்தில் கணவன் ஒரு கட்சிக்கும் மனைவி மற்றொரு கட்சிக்கும் வாக்களிப்பின் அதனால் சங்கம் பிளவுபடாது. இருவரும் ஆசை, பகை, மயக்கம், அச்சம் என்னும் நான்கையும் நீக்கி ஆராய்ந்தே அளித்தனரோ என்பதே கேட்கத்தக்கது. உபோசத நாளில் கூடும்போது அன்பர்கள் இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக. எச்சின்னத்தை அழுத்தினீர் என்று ஒருவரையொருவர் கேளாதிருப்பாராக.