ஒலி அட்டையும் காட்சி அளவையும்

கணினியில் இசை கேட்பதற்கென ஒலி அட்டையை, அதாவது வழக்கில் சவுண்ட் கார்டு எனப்படும் கருவியைத் தேடுவோர், எது நன்றாக ஒலிக்கும் என்றே பெரும்பாலும் வினவுகின்றனர். கருவி பதிவை உள்ளபடி வெளிப்படுத்துகிறதா என்பதும், கேட்பவருக்கு அது இன்பம் தருகிறதா என்பதும் ஆகிய இரண்டு வினாக்கள் அதனுள் பின்னிக் கிடக்கின்றன. முன்னது பொருளைப் பற்றியது. பின்னது அறிபவரைப் பற்றியது. இரண்டுக்கும் செவி ஒன்றையே சாட்சியாக அழைப்பதால் எழும் குழப்பம் மின்னணுவியலுக்கு உரியதன்று; ஓர் அறிவு எவ்வாறு மெய்யறிவாகிறது என்னும் பழைய தத்துவச் சிக்கலே இங்குப் புதிய வடிவில் நிற்கிறது.

கணினியில் சேமிக்கப்பட்டிருப்பது எண்களின் வரிசை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் முறைப்படி, ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றத்தின்படி, ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கைத் தாண்டிய வேகத்தில் மாதிரி எடுத்தால் அவ்வலையை முழுமையாக மீட்க முடியும் என்பதாலும், மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் என்பதாலும் இவ்வேகம் போதுமானதாயிற்று. 16 பிட் எண்கள், மிக உரத்த ஒலிக்கும் மிக மெல்லிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளியைத் தாங்குகின்றன. இவ்வெண்களை மின்னழுத்தமாக மாற்றிச் செவிக்கு அனுப்பும் வாயிலே ஒலி அட்டை.

அவ்வாறாயின் இசை எங்கே இருக்கிறது? ஓசை ஆகாயத்தின் குணம், தோன்றி அழிவது என்றனர் நியாய நூலார். எழுத்தொலி என்றும் உள்ளது, காற்று அதை வெளிப்படுத்துகிறதேயன்றிப் படைப்பதில்லை என்றனர் மீமாம்சகர். வேதச் சொற்களின் நித்தியத்தைப் பற்றிய அவ்வாதத்தை இசைப்பதிவின் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. ஆயினும் அதில் இடம்பெறும் வியஞ்சகம் என்னும் கருத்து இங்கு மிகவும் பயன்படுகிறது. வியஞ்சகம் என்பது ஏற்கெனவே உள்ளதை விளங்கச் செய்வது. இல்லாததை உண்டாக்கும் காரகத்தினின்றும் அது வேறானது. இருளில் இருக்கும் குடத்தை விளக்கு காட்டுகிறது, குயவன் செய்கிறான். ஒலி அட்டை விளக்கின் இனத்தைச் சேர்ந்தது. அது குயவனின் வேலையைச் செய்யத் தொடங்கும் இடமே அதன் குற்றம்.

அக்குற்றங்கள் கண்டறியக் கூடியவை. கணினிப் பெட்டிக்குள் மின்வழங்கியும் வரைகலை அட்டையும் எழுப்பும் மின்காந்த இடையூறு ஒலிச்சுற்றில் நுழைந்து, சுட்டியை நகர்த்தும்போது கிறீச்சிடும் இரைச்சலாக வெளிப்படுவதுண்டு, யூ.எஸ்.பி. வழியாக இணையும் புறக்கருவி பெட்டிக்கு வெளியே இருப்பதால் இதனின்று பெரும்பாலும் தப்புகிறது. 1998-இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையின் செயலி 48,000 ஹெர்ட்ஸ் என்னும் ஒரே வேகத்தில் இயங்கியதால், குறுந்தகட்டின் 44,100 மாதிரிகளையும் அவ்வேகத்துக்கு மாற்றியே வெளியிட்டது. பதிவில் இல்லாத எண்களைக் கருவி தானே கணக்கிட்டுச் சேர்த்ததற்கு இது தெளிவான சான்று. இம்பீடன்ஸ் எனப்படும் வெளியீட்டு மின்மறுப்பால் வரும் குற்றம் இன்னும் நுட்பமானது. ஹெட்ஃபோனின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் இயல்புடையது. அட்டையின் மின்மறுப்பும் பெரிதாக இருந்தால், இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் பங்கிடப்படும் விதம் அதிர்வெண்தோறும் மாறி, சில சுரங்கள் தடித்தும் சில மெலிந்தும் ஒலிக்கின்றன. ஆகவே அட்டையின் மின்மறுப்பு ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பர்; 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓம் எல்லையாகும்.

இக்குற்றங்களைக் கேட்டே அறியலாகாதா என்னும் இடத்தில் அளவையியல் துணைக்கு வருகிறது. அளவை என்பது அறிவை மெய்யென நிறுவும் கருவி. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்றை முதன்மையாகக் கொள்ளும். அருள்நந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், காட்சியின் வகைகளைக் கூறுவதோடு அதன் குற்றங்களையும் கூறுகிறது: இதுவோ அதுவோ எனத் தடுமாறுவது ஐயக்காட்சி, பழுதையைப் பாம்பெனக் கொள்வது திரிபுக்காட்சி. செவியும் இவற்றுக்கு விலக்கன்று. அரை டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் கருவியை மனம் கூடுதலான ஒலி என்று அறிவதில்லை, தெளிவான ஒலி என்றே கொள்கிறது. விலையுயர்ந்த பெட்டியைக் கண்ட கண் செவிக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. ஆதலால் இரண்டு அட்டைகளின் ஒலியளவையும் அளவுமானியால் 0.1 டெசிபல் எல்லைக்குள் சமன்செய்து, எது ஒலிக்கிறது என்று கேட்பவர் அறியாதவாறு மாற்றி மாற்றிக் கேட்கச் செய்யும் கண்மறைப்புச் சோதனை வகுக்கப்பட்டது. 2007-இல் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவுப் பதிவுகளின் பாதையில் குறுந்தகட்டின் 16 பிட் சுற்று இடையே புகுத்தப்பட்டபோது, 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக அமைந்தன; நாணயத்தைச் சுண்டினாலும் ஏறத்தாழ இவ்வளவே கிடைக்கும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்னும் எண்களைக் கண்டே அட்டையைத் தேர்வோர் இம்முடிவை எளிதில் புறந்தள்ள முடியாது.

எனினும் செவியை நம்புவோர் விட்டுக்கொடுப்பதில்லை. தமக்குத் தெளிவாகக் கேட்கும் வேறுபாட்டை எந்தச் சோதனை மறுக்க முடியும் என்பது அவர்கள் வாதம். இது மீமாம்சகரின் சுதப்பிராமாணியக் கொள்கையை, அதாவது ஓர் அறிவு பிறிதொன்றால் மறுக்கப்படும்வரை தானே மெய்யாக நிற்கும் என்பதை, ஒத்திருக்கிறது. அறிவின் மெய்ம்மை அதற்குப் புறம்பான ஒன்றால் உறுதிப்பட வேண்டும் என்ற நியாயரின் பக்கத்தில் அளவுமானியைக் கொண்டோர் நிற்கின்றனர். இங்கு மீமாம்சகர் கொள்கையை ஏற்றாலும் செவியை நம்புவோர் வழக்கு வெல்வதில்லை என்பதே கருதத்தக்கது. கண் மறைக்கப்பட்டதும் மறையும் வேறுபாடு, மறுக்கப்பட்டுவிட்ட காட்சியாகிறது.

ஆனால் அவர்கள் பெற்ற இன்பத்தைப் பொய் என்பது பெரும் பிழை. சித்தாந்தம் காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுக்கிறது. பொறிவழி பொருளை அறிவது முதலாவது. அவ்வாறு அறிந்ததை மனம் இன்னதெனத் தெளிவது இரண்டாவது. இன்பதுன்பங்களைத் தன்னிடத்தே உணர்வது மூன்றாவது. ஓர் அட்டையில் பாடல் இனித்தது என்பது தன்வேதனைக்காட்சி. இனித்தவருக்கு அது இனித்ததே, அதை மறுக்கும் கருவி உலகில் இல்லை. அவ்வினிமைக்கு அட்டையே காரணம் என்பதோ காரியத்திலிருந்து காரணத்தை ஊகிக்கும் கருதல். அது பிழைபடக் கூடியது. காட்சியின் உறுதியைக் கருதலுக்கும் கடன் கொடுத்துவிடுவதால்தான் இத்துறையின் சண்டைகள் முடிவதே இல்லை.

உரை அளவைக்கும் இங்கு இடமுண்டு, ஆயினும் அது கவனமாகக் கையாளப்பட வேண்டியது. உள்ளதை உள்ளவாறு அறிந்தவராகவும், பிறரை ஏமாற்றும் விருப்பம் அற்றவராகவும் இருப்பவரின் சொல்லே உரையாகும். விற்பவர் இரண்டாம் நிபந்தனையை நிறைவு செய்வது அரிது. உறையில் அச்சிடப்படும் 120 டெசிபல் போன்ற அளவு, பல வேளைகளில் உள்ளிருக்கும் மாற்றிச் சில்லுக்கு மட்டும் உரியது. மின்வழங்கியும் பெருக்கியும் சேர்ந்த முழு அட்டையின் அளவு அதனினும் குறையும். முழுக் கருவியையும் அளந்து, அளந்த முறையையும் வெளியிடுவோரின் சொல்லே கொள்ளத்தக்கது.

இவ்வாறு தேர்ந்த அட்டை, செலவில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கச்சேரிப் பதிவொன்றில் பாடகர் நிறுத்தும் இடத்தில் தம்புராவின் கார்வை தேய்ந்து அடங்கும்வரை தன் இரைச்சலைச் சேர்க்காமல் இருந்தால் அதன் பணி நிறைவுற்றது. 1933-இல் மறைந்த பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடுபவை. அவற்றின் கரகரப்பு, பதிவு என்னும் பொருளுக்கே உரியதாதலால் அட்டை அதையும் குறைக்காமல் தரக் கடமைப்பட்டது. கண் திறந்திருந்தும் உயிர் அதனோடு கூடாதபோது காட்சி நிகழாது என்று சித்தாந்தம் கூறுவது செவிக்கும் பொருந்தும். அட்டையைச் சோதிப்பதற்காகக் கேட்பவரின் உயிர் கரகரப்போடு கூடி நிற்கிறது, பாடலுக்காகக் கேட்பவரின் உயிர் சில நொடிகளில் அதைக் கடந்து அக்குரலோடு கூடிவிடுகிறது.