மயிலின் அழகும் புஞ்சைக்காரர் கண்ணீரும்



உசிலை மரங்கள் நிறைந்திருந்ததால் உசிலம்பட்டி என்று பேர் வந்தது என்பார்கள். அந்த இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. ஊரைத் தாண்டி மலையடிவாரப் புஞ்சைப் பக்கம் விடியற்காலம் போனால் மயில் அகவும் சத்தம் கேட்கும். மனசில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் இருக்கும். வெளியூர்க்காரர் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பார்.

அதே மயில் விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்னும்போது, கடன் வாங்கி விதைத்தவருக்கு அந்த அழகு தெரியுமா? தெரியாது. அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. அதைக் கொல்வது 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் தானியத்தில் விஷம் கலந்து வரப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிற சந்தோஷம் எல்லோருக்கும், நஷ்டம் ஒருத்தருக்கு மட்டும் என்றால் அங்கே சாந்தி எப்படி இருக்கும்?

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். அங்குள்ள கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆயின. நத்தைக்குத்தி நாரை, சாம்பல் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் மழைக்காலத்தில் வந்து கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது. வெடிச் சத்தத்துக்குப் பறவைகள் மிரண்டுவிடும் என்று, பல பத்தாண்டுகளாக அந்த ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊரில் வாணம் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சின்னப் பிள்ளைக்கு லேசான காரியமா? ஆனால் அந்த ஏக்கத்தை ஒரு வீடு மட்டும் சுமக்கவில்லை, ஊரே சுமக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம், அவர்களுக்கும் லாபம் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மயிலால் புஞ்சைக்காரருக்கு அப்படி ஒரு லாபம் இல்லை. ஆகவே இங்கே தருமம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

அய்யா வைகுண்டர் ஆடு, கோழி பலியிடுவதை விலக்கினார். பட்டினி போட்ட புலியின் முன் அய்யாவை நிறுத்தியபோது அது அடங்கிப் படுத்த வரலாற்றை ஏடு வாசிப்பில் கேட்காத அன்புக்கொடி மக்கள் இல்லை. அய்யாவின் வல்லமை என்று அதைச் சொல்லிக் கும்பிடுகிறோம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் புலியைப் பிடித்து அடைத்துப் பட்டினி போட்டவர்கள் மனிதர்கள். அந்த இடத்தில் அதற்குத் தீங்கு நினைக்காதவர் அய்யா ஒருவர்தான்.

நம் வழிபாட்டிடத்துக்கு நிழல் தாங்கல் என்று பேர். நிழல் மயிலுக்கும் வேண்டும், புஞ்சைக்காரருக்கும் வேண்டும். விதைத்தது முதல் முளை தழைக்கிற வரைக்கும் தொல்லை அதிகம். அந்தச் சில நாள் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் தாங்கலுக்கு வருகிறவர்கள் முறைவைத்துப் போய்த் தகரம் தட்டலாம், பழைய சேலைகளைக் கொண்டுபோய் வரப்பைச் சுற்றிக் கட்டிக் கொடுக்கலாம். அப்படியும் விதை போய்விட்டால், மறுவிதைப்புக்கு ஆளுக்கு ஒரு படி கடலை கொடுத்தால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். மழை இறங்கும் மாதமாக இருந்தால், காவலுக்குப் போன இடத்தில் மயில் தோகை விரித்து நிற்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.