கொரங்காட்டைக் காக்கும் உரிமை

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலத்தில் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் காட்டுக்குக் கொரங்காடு என்று பெயர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், ஆங்காங்கே வெள்வேல மரங்களும் இருக்கும். ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை எட்டாத இந்த மண்ணில் உழவு பொய்த்தாலும் மேய்ச்சல் கைவிடுவதில்லை. காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் இங்கே வளர்ந்தவை. ஒரு காட்டில் புல் குறைந்ததும் மந்தையை அடுத்த காட்டுக்கு ஓட்டி, மேய்ந்த காட்டை ஆறவிடுவது முறை. கோடையில் புல் கருகினாலும் உதிரும் வேலங்காய் ஆடுகளுக்குத் தீனியாகும். இவை வனத்துறையின் காடுகள் அல்ல. தலைமுறையாகக் கைமாறி வந்த பட்டா நிலங்கள். எனவே அவற்றின் வாழ்வு உடையவரிடம் இருக்கிறது. ஓரளவு அண்டை நிலத்துக்காரரிடமும் இருக்கிறது.

அந்த அண்டை நிலத்துக்காரர் பகையாளியானால் என்னென்ன செய்வார் என்பது ஊரறிந்த சங்கதி. மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை ஓரடி தள்ளி ஊன்றுவார். அவை வேர்பிடித்ததும் அதுதான் எல்லை என்பார். எல்லைக்கல் காணாமல் போகும். ஓரத்து மரம் இரவோடு இரவாக அறுபடும். காய்ந்த புல்லில் தீ விழும். தம் பூமியை வீட்டுமனையாகவோ கல்குவாரியாகவோ மாற்ற நினைப்பவருக்கு நடுவில் கிடக்கும் காடு ஓர் இடைஞ்சல். அவரை எதிர்க்கும் குடும்பம் எந்த நியாயத்தை முன்வைக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதே கேள்வி.

முதலில் சொல்லப்படும் நியாயம், இது பாட்டன் பூட்டன் சொத்து என்பது. கேட்கும்போது இருக்கும் கனம் அதற்கு உண்மையில் இல்லை. கொங்குப் பகுதியில் அடுத்த காட்டுக்காரர் பல நேரம் பங்காளி. இருவருக்கும் பூட்டன் ஒருவரே. பாகப்பிரிவினையன்று உண்டான மனத்தாங்கல்தான் இரண்டு தலைமுறை கழித்து வேலியில் வந்து நிற்கிறது. முன்னோரைச் சாட்சிக்கு அழைத்தால் அவர் இரு பக்கமும் பேசுவார். போகட்டும், குடும்பம் என்பது யார் யார்? தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் பூர்விகச் சொத்தில், அதற்கு முன் மணமாகாத மகள்களுக்கும் பங்கு தந்தது. 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தம் மகள்களைப் பொதுவாகவே மகன்களுக்குச் சமமாக்கியது. அதற்குப் பின்னும் பெண்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் நின்றபாடில்லை. உடன்பிறந்தவளைக் கையெழுத்திட வைத்துக் காட்டைத் தனதாக்கிக் கொண்டவர், பங்காளி ஓரடி எடுத்துக்கொண்டதை அநியாயம் என்று சொல்லலாம். அச்சொல் அவரையும் சேர்த்தே சுடும்.

இன்னொரு கூட்டத்தையும் விட்டுவிட முடியாது. இந்தக் காடுகளில் நாள் முழுதும் ஆடு மேய்த்தவர்கள் பெரும்பாலும் உடையவர்கள் அல்லர். பண்ணையத்தில் அமர்த்தப்பட்ட அருந்ததியர் குடும்பத்துச் சிறுவர்களின் வாழ்வைத்தான் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் பேசுகிறது. எந்த மரத்தடியில் நிழல் நிற்கும், எந்த மூலையில் புல் முந்தித் தளிர்க்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள். பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை. பரம்பரை உழைப்பே உரிமையின் வேர் என்றால் அவர்களுக்கும் ஒரு பங்கு சேரும்.

ஆக, பரம்பரையைவிட உறுதியான நியாயம் காட்டிடமே இருக்கிறது. வேலி, மரம், புல், மந்தை எல்லாம் பல பத்தாண்டுகள் கூடி உருவாக்கிய ஏற்பாட்டை ஒரு பொக்லைன் ஒரே நாளில் அழித்துவிடும். பிறகு இழப்பீடு எவ்வளவு வந்தாலும் அது திரும்பாது. பணத்தால் ஈடுசெய்யக்கூடிய பொருளைக் காப்பதைவிட ஈடுசெய்ய முடியாததைக் காப்பதற்கு அறத்தின் துணை அதிகம். ஆனால் இந்த நியாயத்தைக் கையில் எடுப்பவர் அதற்குக் கட்டுப்படவும் வேண்டும். பக்கத்துக்காரரிடமிருந்து மீட்ட காட்டை நல்ல விலை வந்ததும் மனைத் தரகரிடம் ஒப்படைப்பவர் காட்டைக் காத்தவர் ஆகமாட்டார். சொத்தைக் காத்தார், அவ்வளவுதான். அதுவும் குற்றமில்லை, காட்டின் பெயரால் ஊரை ஆதரவுக்கு அழைத்ததுதான் பிசகு.

பகையாளி கேட்பதெல்லாம் அநியாயமாகிவிடாது என்பதும் இங்கே மறக்கப்படுகிறது. தம் நிலத்துக்குப் போக வேறு தடம் இல்லாதவர் வழி கேட்டால் அது ஆக்கிரமிப்பு ஆகாது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், ஒரே நிலம் பிரிக்கப்பட்டதால் வழியற்றுப்போன பகுதிக்குத் தடம் உண்டு என்கிறது. 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்த தடத்தையும் ஏற்கிறது. வேலியை நகர்த்தியவர் என்ற கோபத்தில் அவருடைய வண்டித்தடத்தில் முள்ளை வெட்டிப் போடுவது பதிலுக்குப் பதிலே தவிர தற்காப்பு அல்ல.

இனி, வழிமுறை. அத்துமீறி நுழைபவரைத் தடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் சொத்தையும் உடலையும் காக்கும் தற்காப்புரிமை இருக்கிறது. அதிகாரிகளை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் இருவரின் வழக்கில் (ராமே கவுடா வழக்கு, 2003 டிசம்பர்) உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: நுழைய முயல்பவரை உரிமையாளர் நியாயமான பலத்தால் தடுக்கலாம்; ஆனால் ஒருவர் நிலைபெற்று அமர்ந்துவிட்டால் நீதிமன்ற வழியில்தான் வெளியேற்ற வேண்டும். இந்தக் கோடு அறத்துக்கும் பொருந்தும். அரிவாளோடு வேலியோரம் காத்திருப்பதும், கம்பிவேலியில் மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சுவதும் இதைத் தாண்டியவை. அந்தக் கம்பிக்குப் பகையாளி யார், ஆடு தேடி வந்த பிள்ளை யார் என்று தெரியாது. சிவில் தகராறில் எதிரியைப் பணியவைக்கப் பொய்யாக அடிதடிப் புகார் கொடுப்பதும் இதே வகைதான். ஆயுதம் காகிதமாக இருக்கிறது என்பதே வேறுபாடு.

ஆனால் சும்மா இருப்பதும் அறம் ஆகிவிடாது. சண்டை எதற்கு என்று ஒதுங்குபவரைக் கிராமம் பெரிய மனிதர் என்று சொல்லும். சட்டத்தின் கெடு அவருக்காகக் காத்திருக்காது. நிலத்திலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் தம் உரிமைமூலத்தை நிறுவாமலே அனுபவத்தைத் திரும்பப் பெறும் சுருக்க வழிக்குக் கெடு 6 மாதம். காலவரையறைச் சட்டப்படி, பிறர் எதிருரிமையோடு வைத்திருக்கும் நிலத்தை மீட்க 12 ஆண்டுகள். அது கடந்தால் உரிமையே அற்றுப்போகும். அப்படி ஒதுங்கிய தந்தையின் பெருந்தன்மைக்கு விலை கொடுப்பவர்கள் கருத்துக் கேட்கப்படாத பிள்ளைகள். முதல் போத்து நகர்ந்த அன்றே நேரில் கேட்பது, கேளாவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் முன் சொல்வது, நில அளவைக்கு மனுக் கொடுப்பது, தடையுத்தரவு கோருவது என்ற வரிசையில் உறவு முறிவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

நில அளவையர் வரும்போது இன்னொன்றும் தவறாமல் வெளிப்படும். காட்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரி ஊருக்குப் பொது. மாட்டுவண்டி போன அந்தத் தடம் இன்று பல இடங்களில் ஆள் நடக்கவும் போதாது. இரு பக்க வேலிகளும் அதை நெருக்கியிருக்கின்றன. பகையாளி எடுத்த ஓரடியை மீட்க வழக்காடும் குடும்பம், இட்டேரியிலிருந்து தன் வேலி எடுத்த அடிகளையும் அதே அளவைச் சங்கிலியால் அளந்து திருப்பிவிட வேண்டும். அதைச் செய்யாதவரை சட்டத்தில் அதன் வழக்கு வெல்லலாம். நியாயத்தில் அது பாதி வழக்குத்தான்.