தட்டான் பார்த்த பல்

1593இல் சிலேசியாவில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குத் தங்கப் பல் முளைத்ததாகப் பேச்சு. ஹோர்ஸ்ட் என்ற மருத்துவப் பேராசிரியர், அது துருக்கியரால் துன்பப்பட்ட கிறிஸ்தவர்களுக்குக் கடவுள் தந்த ஆறுதல் என்று புத்தகமே எழுதினார். இன்னொருவர் மறுத்தார். மறுப்புக்கும் மறுப்பு வந்தது. கடைசியில் ஒரு தட்டான் அந்தப் பல்லைப் பார்த்தார். மேலே தங்க ரேக்கு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

காரணம் தேடுமுன் நடந்தது உண்மையா என்று பார்க்கச் சொல்லி, 1680களில் இந்தக் கதையை எழுதியவர் பிரான்ஸின் ஃபோந்தனெல். பழங்காலக் கோயில்களில் கேட்ட தெய்வவாக்கு பேயின் குரல் அல்ல, பூசாரிகளின் வேலை என்பது அவர் வாதம். பால்த்துஸ் என்ற சேசு சபைக் குரு 1707இல் அதை மறுத்தார். அவருக்குத் துணையாகச் சாட்சி சொல்லிக் கடிதம் எழுதியவர், நம் ஆவூரில் மறைப்பணித் தளம் அமைத்த பூஷே சாமியார்! தமிழ்நாட்டில் இன்றும் பேய்கள் வாக்குச் சொல்கின்றன, கிறிஸ்தவர்கள் முன்னே அடங்கிவிடுகின்றன என்றார். நம் ஊர்ச் சாமியாடிகள் பாரிஸ் வழக்கில் சாட்சிகளாகிவிட்டார்கள். பூஷே தமிழறிந்தவர், மக்களோடு வாழ்ந்தவர். ஆனாலும் அவர் காரணத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு பல்லைப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருச்சபைக்குள்ளேயே தட்டானைப் போலப் பார்த்தவர்களும் உண்டு. புனிதர் பட்ட விசாரணைகளில் எதிர்க்கேள்வி கேட்கும் பொறுப்பில் 20 ஆண்டு இருந்தவர் லம்பர்த்தீனி. அழியாத உடல் என்றால்கூட, பதனிட்டதா, நிலத்தின் தன்மையா என்று மருத்துவரை வைத்துப் பார்க்கச் சொன்னவர். புனிதர்களின் உடல் எச்சமான திருப்பண்டத்தை வணங்கியவர்தான் அதைச் சோதிக்கவும் சொன்னார். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பூஷேயோடு மதுரை மிஷனில் பணியாற்றிய அருளானந்தர் 1693இல் ஓரியூரில் வெட்டுண்டார். அவர் இரத்தத்தால் சிவந்தது என்று அந்த மண்ணை இன்றும் பக்தர்கள் மடித்து எடுத்துப் போகிறார்கள். இந்நாட்டு வழக்கங்களை அவர் ஏற்றது சரியா என்று அவருடைய வழக்கிலும் லம்பர்த்தீனி கேள்வி எழுப்பினார். பிறகு அவரே பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார். அந்த வழக்கங்கள் புனிதர் பட்ட விசாரணைக்குத் தடையல்ல என்று 1741இல் ஆணையிட்டவரும் அவர்தான். அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1947இல்.