நோயிலும் ஓர் உறவு

உத்திரமேரூர் ஏரிக்கரைத் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவரின் வயதான பொமரேனியன் நாய் இரவெல்லாம் இருமியது. அதன் இதயத்தில் மிட்ரல் வால்வு தடித்துச் சரியாக மூடவில்லை என்றார் கால்நடை மருத்துவர். மூதாட்டி திகைத்தார். மறைந்த அவர் கணவருக்கும் அதே வால்வுதான் பழுதாயிருந்தது.

ஆயர் அணியும் ‘மைட்டர்’ என்னும் இருகூர்த் தலையணியை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. வால்வின் இதழ்களுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். நோயுற்றால் அதன் இழைகள் சிதையும். சர்க்கரை பிணைந்த வேறு புரதங்கள் அங்கே மிகும். இதழ் தடித்துத் தொய்ய, குருதி பின்னோக்கிக் கசியும். நாயிலும் மனிதரிலும் இம்மாற்றங்கள் பெரிதும் ஒத்தவை. ஆதலால் நாயின் வால்வை ஆராய்வோர் நம் நோயையும் கற்கின்றனர்.

அவ்வாறாயின் அவ்வுயிருக்கு நாம் பட்ட கடன் யாது? ஆய்வுக்கூடத்தில் உறவென்று கொண்டதை, வாசலில் ‘வெறும் நாய்தானே’ என்று தள்ளுவது நேர்மையாகுமா?

ஏழையின் அறுவைச் சிகிச்சைக்கே பணமில்லாதபோது நாய்க்கு மருந்தா என்பீர்கள். நியாயமே. மனித உயிரே முதன்மையானது. ஆனால் முதன்மை என்பது பிறவுயிரின் வலியை மறக்கத் தரப்பட்ட உரிமையன்று. இந்நோயால் இதயம் பெருத்த நாய்களுக்குப் பிமோபெண்டான் மாத்திரை, இதயச் செயலிழப்பை ஏறத்தாழ 15 மாதங்கள் தள்ளிப்போடுவதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தந்தையின் கண்ணுக்கு மருந்தோடு வீடு திரும்பிய தோபியாவின் பின்னே ஒரு நாயும் நடந்ததாகத் தோபித்து நூல் சொல்கிறது. அந்த மூதாட்டியும் காலையும் மாலையும் மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைக்கிறார்.