மகிழடியும் ஒரு ஜோடி செருப்பும்

மார்கழி. விடியற்காலை நாலரை மணிக்குத் திருவொற்றியூர்த் தியாகராயர் கோயில் பக்கமிருந்து பாட்டு காற்றில் மிதந்து வரும். அந்நேரத்துக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றிருக்கும். இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே உட்கார்ந்துதான் நோட்டில் எழுதுவேன். இன்று எழுதுவது நெடுநாளாகத் தள்ளிப்போட்டது.

*

முந்தாநாள் இரவு மகள் 'மான்ஸ்டர்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதல் பகுதியைப் போட்டாள். நவோகி உராசாவாவின் மாங்காவிலிருந்து எடுத்தது. 2004இல் தொடங்கி 74 பகுதிகள் வந்தது. கதை 1986இல், மேற்கு ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஆரம்பிக்கிறது. கென்சோ டென்மா மூளை அறுவைச் சிகிச்சையில் கைதேர்ந்த இளம் மருத்துவர். ஓர் ஓபரா பாடகரைக் காப்பாற்றுகிறார். பத்திரிகைகள் புகழ்கின்றன, மருத்துவமனை இயக்குநர் தட்டிக்கொடுக்கிறார். அதே இரவில் அதே மருத்துவமனையில் துருக்கியிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் வேறொரு மருத்துவரின் கையில் இறந்துபோகிறார். பாடகருக்கு முன்பே கொண்டுவரப்பட்டவர் அவர். குழந்தையோடு வந்த மனைவி, நடைவழியில் டென்மாவை அடித்துக்கொண்டு, என் புருஷனைத் திருப்பிக் கொடு என்று கதறுகிறாள்.

படத்தை அங்கே நிறுத்திவிட்டு மகள் கேட்டாள். "அந்த ஆள மொதல்ல பாத்திருந்தா பாட்டுக்காரரு செத்திருப்பாரேப்பா? ரெண்டுல ஒண்ணு நடந்துதானே ஆகணும்?"

சரியான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் என் கண் அந்த மனைவியின் மேல் இல்லை. டென்மா பிறகு தனக்குத்தானே தேடும் சமாதானங்களின் மேல் இருந்தது. மேலிடத்து உத்தரவு. வேறு மருத்துவர் பார்த்தார். அவர் மணக்கப்போகும் பெண், இயக்குநரின் மகள், மனித உயிர்கள் எல்லாம் ஒன்றல்ல என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறாள். அதுவும் ஆறுதல்தான். அழுகிப்போன ஆறுதல்.

அடுத்த முறை அவர் மாறுகிறார். தலையில் குண்டு பாய்ந்த சிறுவனும் நகர மேயரும் ஒரே இரவில் வருகிறார்கள். மேயரைப் பார் என்று உத்தரவு. முதலில் வந்தவன் சிறுவன் என்று டென்மா அவனுடைய அறைக்குள் நுழைகிறார். ஒன்பது வருடம் கழித்து அந்தச் சிறுவன் கொலைகாரனாக எதிரில் வந்து நிற்கிறான். மீதித் தொடர் முழுக்க அவர் அந்தப் பாரத்தோடு அலைகிறார்.

இரண்டும் குற்ற உணர்வுதான், ஆனால் ஒன்றில்லை என்று படுகிறது. இரண்டாவதில் அவர் கண் திறந்து முடிவெடுத்தார். விளைவு நஞ்சானபோது, இது நான் செய்தது என்று எழுந்து நடக்க முடிந்தது. முதலாவதில் நடக்க இடமே இல்லை. உத்தரவு, வேறொருவர் கை என்று சாக்குகள் அவருக்கு முன்பே வந்து நின்றுவிட்டன.

*

சாக்கை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்ட ஒருவரின் கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது.

சிவனடியார் சுந்தரர் திருவொற்றியூருக்கு வருகிறார். திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறார். இங்கே கோயிலில் பூக்கட்டும் சங்கிலியாரைப் பார்த்து மனம் போய்விடுகிறது. உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சுந்தரர் இறைவனிடம் போய்க் கேட்கிறார்: நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும். தோழர் என்ற உரிமை. இறைவனும் சரி என்கிறார். பிறகு சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் பெண்கள் மகிழடிக்கு அழைக்கிறார்கள். சுந்தரர் வேறு வழியில்லாமல் அங்கேயே சத்தியம் செய்கிறார். எந்தத் திகில் தொடரிலும் இப்படியொரு திருப்பம் நான் பார்த்ததில்லை.

வசந்த காலம் வந்ததும் ஆரூர் நினைவு இழுக்கிறது. புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போகிறது.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது, சத்தியத்தை மீறியதற்குத் தண்டனை என்று நினைத்தேன். இப்போது அந்த வேண்டுதலிலேயே மனம் நின்றுவிடுகிறது. பிரிய மாட்டேன் என்று நிஜமாகவே நினைப்பவனுக்குக் கடவுள் எங்கே இருந்தால் என்ன? கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கேட்டபோதே, போகப்போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பார்வையிழந்தவருக்கு ஊன்றுகோல் கிடைத்தது திருவெண்பாக்கத்தில். இடக்கண் காஞ்சியில், வலக்கண் ஆரூரில். திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்குள். 1940களில் அணை கட்டியபோது கோயிலை இடம் மாற்றினார்கள். பூண்டியில் தேங்குவது கொசஸ்தலை ஆறு. அந்த ஆறுதான் எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்து மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது இதே முகத்துவாரத்தில்தான்.

*

அந்த எண்ணெய் நாற்றம் அடங்கவில்லை. மூன்று வாரத்தில் டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்துக்குச் சற்றுத் தள்ளி அப்போது எங்கள் வீடு. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. தெருவே எழுந்து ஓடியது.

எங்கள் வரிசையில் ஓர் ஆயா தனியாக இருந்தார். காது சுத்தமாகக் கேட்காது. நான் ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுக்கும்போதே, "ஆயாவ அவங்க புள்ள வந்து இட்னு போயிருப்பான்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஆயாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னது.

மனைவியும் மகளும் பின்னால் ஏற, வண்டியைத் திருப்பினேன். முன்விளக்கு வெளிச்சம் ஆயா வீட்டு வாசலில் விழுந்தது. நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. இடது காலில் பட்டை அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. செருப்பு வெளியே கிடந்தால் ஆயா உள்ளே இருக்கிறார் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு விநாடி இருக்கும். ஊக்கு வரைக்கும் பார்த்தவன் கதவைத் தட்டவில்லை. வண்டி போய்விட்டது.

தெருப் பையன்கள் இரண்டு பேர் கதவை உதைத்துத் திறந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மறுநாள் திரும்பி வந்தபோது ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னா நைனா, கொயந்த நல்லாகீதா?"

மகளைக் காப்பாற்ற ஓடியது தப்பில்லை. வண்டியில் இடம் இல்லை என்பதும் உண்மை. கதவைத் தட்ட வண்டியில் இடம் வேண்டியதில்லை. இதற்கு மேல் எனக்கு நானே வாதாட மாட்டேன்.

*

முந்தாநாள் இரவு மகள் தூங்கப் போனபின் நெடுநேரம் விழித்திருந்தேன். நேற்றுக் காலையில் பழைய தெருவுக்குப் போய் ஆயாவிடம் சொன்னேன். காதருகே குனிந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டிருப்பார்கள். ஆயா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் மதிக்கிறேன். அடுத்த வீட்டுக்காரர்களிடம் மாற்றுச் சாவி ஒன்று கொடுத்துவைக்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் காது கேளாதவர், படுக்கையில் கிடப்பவர் எந்தெந்த வீட்டில் என்று இன்றைக்கே தெரிந்து வையுங்கள். அமோனியா வாடை வந்தால் துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள். போகிற வழியில் கதவுகளைத் தட்டிக்கொண்டே போங்கள்.